புது மிரர் மாட்டிய பிறகு வரும் தொந்தரவுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்: மலைப்பாதையில் டூரிங் பைக் ஓட்டுகிறவர்களுக்கு

குன்னூரில் இருந்துகொண்டு தினமும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மிரர் அழகுக்கு மாட்டுகிற பொருள் இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. பின்னால் பஸ் வருகிறதா, டெம்போ வருகிறதா என்பது வளைவுக்குள் போவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். வண்டியோடு வந்த மிரர் குளிர் ஜாக்கெட் போட்டதும் பாதிக்கு மேல் தோளையே காட்டும், இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு பின்னால் ஆளும் உட்கார்ந்தால் ரோடே தெரியாது, அதனால்தான் வெளியில் வாங்கி மாட்டுகிறோம்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு அப்புறம் வரும் தொந்தரவுகளில் பாதி மிரரிலேயே இருக்காது. மிரர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த பிரேக் லீவர், கிளட்ச், ஆக்சிலேட்டர், ஹேண்டில்பார் இவற்றில் இருக்கும். நானும் என்னைச் சுற்றி ஓட்டுகிறவர்களும் பட்டதை வைத்து எழுதுகிறேன். உங்கள் வண்டியில் தெரிகிற அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும், ஆனால் ஹேண்டில்பாரின் நுனித் துளையில் மாட்டும் பார் எண்ட் மிரர் போட்டிருந்தால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ஆக்சிலேட்டரை விட்டால் உடனே திரும்பி வரவில்லை

மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ஒரு டிசம்பர் காலையில், ஆறு மணி இருக்கும், முந்தைய நாள் இரவு மாட்டிய பார் எண்ட் மிரரோடு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டேன், வண்டி விடவில்லை. வேகம் ஏறவில்லைதான், ஆனால் குறைய வேண்டிய இடத்தில் குறையாமல் யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கைப் பிடித்துச் சமாளித்து, பர்லியாறில் டீக்கடை ஓரம் நிறுத்திக் குனிந்து பார்த்தால், மிரரின் அடிப்பாகமும் கிரிப்பின் விளிம்பும் உரசும் இடத்தில் மோதிரம் போல ஒரு கருப்பு ரப்பர் தூள். விரலால் தொட்டதும் ஒட்டிக்கொண்டு வந்தது.

நடப்பது இதுதான். வலது கிரிப் ஹேண்டில்பாரில் நேரடியாக ஒட்டியிருக்காது, பாரின் மேல் சுழலும் ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் இருக்கும். பார் எண்ட் மிரரோ பாரின் வாய்க்குள் ஒரு ரப்பரையோ ஆப்பையோ விரியவைத்துப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் போல்ட்டை இறுக்க இறுக்க மிரர் முழுவதும் உள்ளே இழுபடும். மாட்டும்போது கிரிப்புக்கும் மிரருக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது என்று நம்பி ஆரம்பிப்போம், கடைசிச் சுற்று இறுக்கும்போது அந்த இடைவெளி போய்விட்டிருக்கும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் நான் கவனிக்கவில்லை.

சரிசெய்ய: இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். முழுக்க இறுக்கிய பிறகும் அந்த இரண்டு கார்டும் கிரிப்புக்கும் மிரருக்கும் நடுவில் தடையில்லாமல் போய்வர வேண்டும். போகவில்லை என்றால் மிரரைக் கழற்றி, பாரின் வாய் விளிம்பில் உட்காருகிற மாதிரி ஒரு வாஷர் போட்டு மறுபடி இறுக்குங்கள். வாஷர் பாரின் மேல் உட்கார வேண்டும், கிரிப் குழாயின் மேல் இல்லை. சில வண்டிகளில் கிரிப்பின் வெளிப்பக்க நுனி மூடியே இருக்கும், அதை பிளேடால் வெட்டித்தான் மிரர் மாட்டியிருப்பீர்கள். அந்த வெட்டில் பிசிறு நின்றாலும் இதே கதைதான்.

சோதிக்கும் முறை: இஞ்சின் அணைந்திருக்கும்போது ஹேண்டிலை நேராக வைத்து ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள். 'டக்' என்று தானாக மூட வேண்டும். அதையே ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பி ஒரு தடவை, வலப்பக்கம் திருப்பி ஒரு தடவை. அப்புறம் இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். திருப்பும்போது இஞ்சின் சத்தம் ஏறினால் கேபிளோ ஒயரோ எங்கோ இழுபடுகிறது. மிரரோடு ஹேண்ட்கார்டும் (கைகளுக்கு முன்னால் மாட்டும் காப்பு) மாற்றியவர்களுக்கு இது அதிகம் வரும்.

ஓடும்போதே சிக்கிக்கொண்டால் கிளட்சைப் பிடித்து, இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சை அழுத்தி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து ஓரம் கட்டுங்கள். கிளட்சைப் பிடித்த நொடியில் இஞ்சின் பிரேக்கிங் போய்விடும், இறக்கத்தில் வண்டி உருளத் தொடங்கும், அதனால் பிரேக்குக்குக் கை கால் இரண்டும் தயாராக இருக்க வேண்டும்.

பிரேக் லைட் அணையவே இல்லை, அல்லது லீவர் எட்டவில்லை

வலப்பக்க மிரர் பெரும்பாலும் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை (லீவரோடு இருக்கும் பிரேக் ஆயில் டப்பா) பாரில் பிடித்துவைக்கும் கிளாம்பில்தான் ஏறி நிற்கும். மிரர் கம்பியின் அடியில் அதைத் திரும்பாமல் பிடிக்கும் லாக் நட் இறுகியிருக்கும் நிலையில் மிரர் கம்பியைப் பிடித்து பலமாகத் திருகினால், மிரர் திரும்பாமல் கிளாம்ப் மொத்தமும் பாரில் சுழன்றுவிடும். லீவர் மேலேயோ கீழேயோ போய்விடும், சில வண்டிகளில் மிரருக்கும் கிளாம்புக்கும் நடுவில் போடும் அடாப்டரின் விளிம்பு லீவரை ஒரு நூல் அளவு தள்ளியே வைத்திருக்கும். அப்போது பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், டிஸ்க்கும் பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். சீட்டில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்காமல் விரல்கள் லீவரின் மேல் போய் உட்கார வேண்டும். இல்லையென்றால் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி லீவரை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மிரரின் கோணத்தை அதற்குப் பிறகு அதன் லாக் நட்டில் சரிசெய்யலாம்.

ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் எங்கோ இடிக்கிறது

சமவெளியில் ஆறு மாதம் ஓட்டினாலும் தெரியாத கோளாறு, கோத்தகிரி ரோட்டில் ஒரு நாளில் தெரிந்துவிடும். ஏற்றத்தில், முதல் கியரில், ஹேண்டிலை முக்கால்வாசி திருப்பும்போது பார் எண்ட் மிரர் முழங்காலில் வந்து முட்டும், டேங்கில் கீறும், உயரமான மிரராக இருந்தால் விண்ட்ஸ்கிரீனில் இடிக்கும். மாட்டிய உடனே வண்டியில் உட்கார்ந்து, முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்க, இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பிப் பாருங்கள். கையுறை போட்ட விரல்கள் நடுவில் நசுங்காத அளவுக்கு இடம் வேண்டும். இடிக்கிற மிரரை மடக்கி வளைத்து ஒப்பேற்றுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. ஹேண்ட்கார்டும் பார் எண்ட் மிரரும் ஒரே துளையைத்தான் கேட்கும், இரண்டுக்கும் பொதுவான கிளாம்ப் இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை: ஹேண்ட்கார்டை வைத்துக்கொண்டு மிரரைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள்.

மரை ஏறவில்லை, ஒரு சுற்றில் பிடித்துக்கொள்கிறது

உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். சரியான மிரர் வெறும் விரலாலேயே நாலைந்து சுற்று ஏறும். ஏறவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, மரை இடைவெளி. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் மிரர் மரை 10 மி.மீ. தடிமன், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மி.மீ. இடைவெளி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண 10 மி.மீ. போல்ட் 1.5 இடைவெளி, பிஎம்டபிள்யூவின் பெரிய வண்டிகளிலும் அதேதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஸ்கேல் வைத்துப் பத்து மரையை அளந்தால் ஒன்று 12.5 மி.மீ. வரும், மற்றது 15. ஸ்கேல் இல்லையென்றால் பழைய மிரரையும் புதிய மிரரையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல் பல்லாகப் பொருந்தி வெளிச்சம் உள்ளே வராமல் இருந்தால் ஒரே அளவு.

இரண்டு, தலைகீழ் மரை. யமஹாவில் பல மாடல்களில் வலப்பக்க மிரர் இடச்சுற்று மரையில் இருக்கும். காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். எதிரே வரும் வண்டியோ மரக்கிளையோ வலது மிரரில் பட்டால் மிரர் பின்பக்கமாகத் தள்ளப்படும், மேலிருந்து பார்த்தால் அது கடிகாரச் சுற்று. சாதாரண மரை என்றால் அந்த அடியில் மேலும் இறுகி கம்பி ஒடியும், அல்லது கிளாம்பையே பிய்க்கும். தலைகீழ் மரை என்றால் கழன்று வழிவிடும். கழற்றும்போது எந்தப் பக்கம் சுற்றிக் கழற்றினோம் என்பதைக் கவனித்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. இதற்கு அடாப்டர் கிடைக்கும். அடாப்டரின் லாக் நட்டும் இடச்சுற்றுதான் என்பதை மறந்து, எதிர்ப்பக்கம் பலம் போட்டு முனை மழுக்கியவர்கள் உண்டு.

மூன்று, பழைய மரையில் துரு, பெயின்ட், மண். பழைய மிரரே சிரமப்பட்டுத்தான் வெளியே வந்தது என்றால் இதுதான். துணியைச் சுற்றித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே பலம் போட்டு ஏற்றிவிட்டீர்கள், மிரர் ஆடுகிறது, இறுக்கினால் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் மரை போய்விட்டது. கிளாம்ப் அலுமினிய வார்ப்பு, மிரர் கம்பி இரும்பு, இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். லேத் பட்டறையில் ஹெலிகாயில் (துளைக்குள் பொருத்தும் கம்பிச்சுருள் மரை) போட்டு அதே 10 மி.மீ. 1.25 மரையைத் திரும்ப உருவாக்கித் தருவார்கள், கிளாம்ப் மொத்தமும் மாற்றுவதைவிடச் செலவு குறைவு. பெரிய அளவில் புது மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் எந்த மிரரும் அதில் ஏறாது.

வேகம் எடுத்தால் மிரர் தானாகத் திரும்பிக்கொள்கிறது

எது திரும்புகிறது என்று பிரித்துப் பாருங்கள். கம்பியோடு சேர்ந்து திரும்பினால் லாக் நட். கம்பி நின்ற இடத்தில் நிற்க, தலை மட்டும் தொங்கினால் பின்னால் இருக்கும் பந்து மூட்டு.

இடப்பக்க மிரர் மட்டும் அடிக்கடி தளர்கிறது என்று பலர் சொல்வார்கள், அதற்கு அர்த்தம் இருக்கிறது. எதிர்காற்று மிரரைப் பின்னோக்கித் தள்ளுகிறது, இடப்பக்கத்தில் அந்தத் தள்ளல் சாதாரண மரையைக் கழற்றும் திசையில் விழுகிறது, வலப்பக்கத்தில் இறுக்கும் திசையில் விழுகிறது. பெரிய தலையுள்ள மிரர் காற்றை அதிகம் பிடிக்கும், அதனால் முன்பு நின்ற அதே இறுக்கம் இதற்குப் போதாது. மிரரைச் சரியான கோணத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் லாக் நட்டை இறுக்குங்கள், நட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். மரையில் பசை போடுவது எனக்குச் சம்மதமில்லை, அடிபட்டால் கழன்று திரும்ப வேண்டிய பொருள் அது. அடாப்டர் கிளாம்புக்குள் போகும் மரையில் மட்டும் கழற்றக்கூடிய நீலப் பசை ஒரு துளி போடலாம்.

பந்து மூட்டு தொங்கினால் பின்பக்கத்தில் சின்ன ஸ்க்ரூவோ ஆலன் போல்ட்டோ இருக்கும், கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஸ்க்ரூவே இல்லாமல் அழுத்தி மூடிய மிரராக இருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. கூடலூர் பக்கம் மழைக்காலத்துக்குப் பிறகு ரோடு இருக்கிற நிலையில் ஒரே பயணத்தில் தலை தொங்கிவிடும், திரும்ப வரும்வரை ஒரு கையால் தூக்கிவிட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பி ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

மிரரில் எல்லாம் கலங்கித் தெரிகிறது

இஞ்சினின் அதிர்வு எல்லா வேகத்திலும் மிரரைக் கலக்காது. மிரருக்கென்று ஒரு ஆட்டம் உண்டு, நுனியில் கனம் வைத்த குச்சி மாதிரி. இஞ்சின் 3,600 ஆர்பிஎம்மில் சுற்றும்போது விநாடிக்கு 60 தடவை சுற்றுகிறது. மிரரின் சொந்த ஆட்டமும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், பின்னால் வருவது லாரியா மாடா என்றுகூடத் தெரியாது. ஒற்றை சிலிண்டர் வண்டியை இரண்டாம் கியரில் வைத்து ஏற்றம் ஏறும்போது நாம் மணிக்கணக்கில் ஓட்டுவது இதே ஆர்பிஎம்மில்தான். ஹைவேயில் நன்றாகத் தெரிந்த மிரர் மலையில் கலங்குவதற்கு இதுவே காரணம். அதனால் அடுத்தவர் அனுபவத்தை அப்படியே எடுக்க முடியாது. ராயல் என்ஃபீல்டிலேயே 2020-இல் மீட்டியாரோடு வந்த 350 சிசி இஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, அதற்கு முந்தைய 350-இல் கிடையாது. பழைய வண்டிக்காரர் கலங்குகிறது என்று ஒதுக்கிய மிரர் புதிய வண்டியில் தெளிவாக நிற்கலாம்.

எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்க, வண்டியை நிறுத்தி நியூட்ரலில், கலங்கும் அந்த ஆர்பிஎம்மில் இஞ்சினைப் பிடித்துவைக்க ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டைவிரலால் கண்ணாடியின் விளிம்பை லேசாக அழுத்துங்கள். தெளிந்தால் கண்ணாடி கூட்டுக்குள்ளேயே தளர்ந்திருக்கிறது, விளிம்பில் சிலிகான் பசை ஓட்டினால் போதும். தெளியவில்லை என்றால் கம்பியின் நடுவை இரண்டு விரலால் பிடியுங்கள். இப்போது தெளிந்தால் கம்பிதான் ஆடுகிறது. அதற்கும் தெளியவில்லை என்றால் ஹேண்டில்பாரின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துப் பாருங்கள். அங்கே தெளிந்தால் மிரரைக் குறை சொல்வதற்கில்லை. பார் எண்ட் எடையைக் கழற்றிவிட்டு மிரர் மாட்டினீர்களா என்று யோசியுங்கள், அந்த இரும்புக் கட்டியின் வேலையே அதிர்வை அடக்குவதுதான். ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட், இஞ்சின் மவுண்ட் போல்ட் இவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். புது மிரர் பல தடவை பழைய தளர்ச்சியைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

கம்பி ஆடுகிறது என்றால் கம்பியைக் குட்டையாக்குவதோ தலையின் எடையை மாற்றுவதோதான் வழி. இதற்கு ஒரு மலிவான வேலை உண்டு. கார் வீல் பேலன்ஸ் செய்யும் டயர் கடையில் ஒட்டுகிற எடைத் துண்டுகள் கிடைக்கும், 5 கிராம், 10 கிராம் என்று வெட்டியிருப்பார்கள். மிரரின் முதுகில், வெளிப்பக்க நுனியை ஒட்டி ஒரு துண்டை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எடை கூடினால் கலங்கும் இடம் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கும். நான் 10 கிராமில் ஆரம்பித்து 25-இல் நிறுத்தினேன், முழுக்கப் போகவில்லை, ஆனால் ஏற்றத்தில் நான் நிற்கும் ஆர்பிஎம்மிலிருந்து கீழே தள்ளிப்போய்விட்டது, அதுவே போதும். எந்த மிரரும் எல்லா ஆர்பிஎம்மிலும் தெளிவாக நிற்காது, நாம் அதிகம் ஓட்டும் இடத்தில் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

என் முழங்கையைத்தான் பார்க்கிறேன்

மிரரை வீட்டு வாசலில் டீஷர்ட்டோடு உட்கார்ந்து வைத்திருப்பீர்கள். ஓட்டும்போது போடுகிற ஜாக்கெட்டைப் போட்டு, பைகளைக் கட்டி, பின்னால் உட்காருபவரையும் ஏற்றிக்கொண்டு வையுங்கள். பின்பக்கம் அழுந்தும்போது வண்டி மூக்கைத் தூக்கும், மிரரின் பார்வை தரையைப் பார்த்து இறங்கிவிடும், தொடுவானத்துக்குப் பதில் பத்தடி தார் ரோடுதான் தெரியும். உள் விளிம்பில் தோள் ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் ரோடு. மழைக்கோட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு, காற்றில் கை உப்பி மிரரை மறைக்கும். முழங்கைக்கு மேல் ஒரு வெல்க்ரோ பட்டையைச் சுற்றிவிட்டால் அடங்கும். இவ்வளவும் செய்து பார்வை கிடைக்கவில்லை என்றால் மட்டும் அகல அடாப்டர் வாங்குங்கள், அது நீளத்தைக் கூட்டி அதிர்வையும் கூட்டும். தவிர, கூடுதல் அகலத்தோடு ஊட்டி மார்க்கெட் பக்கம் போய்வரவும் வேண்டும்.

வளைவுக்குள் போனதும் மிரரில் பாறையும் செடியும்தான் தெரிகிறது

இது கோளாறு இல்லை. ஹேண்டிலில் மாட்டிய மிரர் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும், வண்டியும் சாயும், அப்புறம் ரோடு எப்படித் தெரியும்? வண்டியின் முன்பக்க உறையான ஃபேரிங்கில் மாட்டிய மிரர் இதில் கொஞ்சம் தேவலை, ஆனாலும் கொண்டை ஊசியில் பின்னால் வரும் ரோடே வேறு தட்டில் கீழே கிடக்கிறது. அதனால் வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியிலேயே இரண்டு மிரரையும் ஒரு தடவை பார்த்து, பின்னால் எத்தனை வண்டி, அதில் எது பெரியது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வலது மிரரில் பெரிய வண்டி, இடது மிரரில் வளைவின் உள்பக்கமாக நுழையப் பார்க்கும் ஸ்கூட்டர். வளைவில் பார்க்க வேண்டியது மேலிருந்தும் கீழிருந்தும் வருவதை. ரோட்டின் அகலம் போதாத இடத்தில் இறங்குகிறவர் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட.

தூரத்தில் தெரிந்த பஸ் பக்கத்தில் வந்து நிற்கிறது

குவி கண்ணாடி. அதிகப் பரப்பைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும், சின்னதைத் தூரமென்று மனம் கணக்குப் போட்டுவிடும். பழைய மிரர் தட்டையாகவோ குறைந்த வளைவாகவோ இருந்திருந்தால் முதல் வாரம் ரொம்பக் கவனமாக இருங்கள். ஒரு நண்பரின் வண்டியை இருபது தப்படி பின்னால் நிறுத்தச் சொல்லி மிரரில் பாருங்கள், பிறகு கழுத்தைத் திருப்பி நேரில் பாருங்கள். நாற்பது தப்படிக்கும் அப்படியே. பத்து நிமிடத்தில் கண்ணுக்கு அளவு பழகிவிடும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவி என்று கலந்து மாட்டாதீர்கள், இரண்டு அளவுகளை மனம் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாது. அளவிலும் சிக்கனம் வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி பைக்கின் வட்ட மிரர் 94 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது, அதைவிடச் சின்னதாக அழகுக்கு விற்பதை மலையில் மாட்டுவதில் அர்த்தமில்லை.

பனி மூடுகிறது, தண்ணீர் நிற்கிறது

ஊட்டிக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே போகிறோம். வழியில் ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் மங்கிவிடும். கண்ணாடி சூடேறியதும் தானாகவே போகும். அதுவரை பொறுக்க முடியாது என்றால், ஷாம்பு ஒரு துளியை உலர்ந்த துணியில் எடுத்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள், ஒரு நாள் தாங்கும்.

மழைக்கும் நான் இதையே செய்கிறேன். தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் திரவத்தை ஹெல்மெட் வைசருக்குப் போடலாம், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மிரரின் முகமோ பின்னால் பார்த்து நிற்கிறது, அங்கே காற்று அடிக்காது, முத்துகள் அப்படியே ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸாக ஹெட்லைட்டைச் சிதறடிக்கும். சோப்புப் படலமாக இருந்தால் தண்ணீர் பரவி மெல்லிய தாளாக இறங்கிவிடும்.

தண்ணீர் கண்ணாடிக்குப் பின்னால், கூட்டுக்குள் நிற்கிறது, தட்டினால் சலசலக்கிறது என்றால் கீழ் விளிம்பில் வடிகால் துளை அடைத்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. குண்டூசியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். விட்டுவைத்தால் ரசம் அரித்து விளிம்பிலிருந்து கருப்புப் புள்ளி பரவும், அப்புறம் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

காலையில் எடுத்தால் மிரர் வேறு பக்கம் பார்க்கிறது

பர்லியாறிலும் கல்லாறிலும் ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் இது பகலிலேயே நடக்கும். குரங்கு தன் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற குரங்கைத் தேடிப் பின்பக்கம் கையை விடும், கிடைக்காது, மிரரைப் பிடித்து ஆட்டும், மேலே ஏறி உட்காரும். லாக் நட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஒரு கடுவனின் எடைக்கு வளைந்து கொடுக்கும், பந்து மூட்டு லேசாக இருந்தால் தலையே கையோடு போய்விடும். நிறுத்தியதும் இரண்டு பழைய காலுறையை மிரர் தலைகளில் மாட்டிவிடுங்கள். முகம் தெரியவில்லை என்றால் அதற்கு அங்கே வேலையில்லை. கிளம்பும்போது காலுறையைக் கழற்றி, அதனாலேயே கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டு, உட்கார்ந்து கோணம் பார்த்து, ஆக்சிலேட்டரை ஒரு தடவை திருகி விட்டுப் பார்த்துக்கொண்டு எடுங்கள்.